வஞ்சிரத்தில் ஒரே ஒரு முள்

திருவொற்றியூர்க் குப்பத்தில் ஒருவன் எப்படி வேண்டுமானாலும் சாகலாம். புயலில் மாட்டிக்கொண்டு போகலாம். நடுக்கடலில் தவறி விழுந்து போகலாம். கண் தெரியாத கப்பல்காரன் எவனாவது படகை இடித்துத் தள்ளிப் போகலாம். இப்போதெல்லாம் ஹார்ட் அட்டாக்குக்குக்கூட ஒரு மரியாதை வந்துவிட்டது; பெரிய மனுஷங்களுக்கு வருகிற வியாதி என்று பேர். ஆனால், மீன் முள் தொண்டையில் மாட்டிச் செத்தான் என்று மட்டும் ஒரு கடல்காரனைப் பற்றிப் பேச்சு வரக் கூடாது. வந்தால் பேரன் காலம் வரைக்கும் அந்தக் குடும்பத்து ஆட்கள் துறைமுகத்தில் தலை நிமிர்ந்து நடக்க முடியாது.

மனோகரனுக்கு வந்தது அதுதான். சாகவில்லை, சாகப் பார்த்தார். அதிலும் பாருங்கள், மத்தி முள்ளாக இருந்தாலாவது மனசு ஆறும். நெத்திலி, வாளை என்று உடம்பெல்லாம் ஊசி வைத்திருக்கிற மீன் கடலில் எவ்வளவோ கிடக்கிறது. அவருக்கு மாட்டியது வஞ்சிரம். துண்டுக்கு நடுவில் ஒரே ஒரு முள், அதுவும் குருடனுக்கும் தெரிகிற மாதிரி வட்டமாய் உட்கார்ந்திருக்கும். பல் முளைக்காத குழந்தைக்குப் பிய்த்து ஊட்டுகிற மீன் ஐயா அது! காசிமேட்டில் விசைப்படகு ஓட்டுகிற டிரைவர், அலையைப் பார்த்தே அடியில் என்ன மீன் போகிறது என்று சொல்கிறவர் என்று பேர் வாங்கியவர், அதில் போய் மாட்டினார்.

மாட்டிய இடம் இன்னும் மோசம். சம்பந்தி வீடு.

அவர் மகன் அர்ஜுன் மணலி பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் வேலை பார்க்கிறான். அதே யார்டின் ஆபீசில் வேலை பார்க்கிற மதியைப் பிடித்துப்போய், "கட்னா அவளத்தான் கட்டுவேன்" என்று நின்றுவிட்டான். வியாசர்பாடிப் பெண். அப்பா பீம்ராவ், மாநகர பஸ் கண்டக்டர். ஹவுசிங் போர்டில் மூன்றாம் மாடி, சுவரில் புத்தர் படம், வாசலில் துளசிக்குப் பதில் மணி பிளாண்ட். மனோகரன் வேண்டாம் என்று சொல்லவில்லை. சரி என்றும் முழு மனசாய்ச் சொல்லவில்லை. நிச்சயம் பேசப் போகிற அன்றைக்கு வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, நாம் படியேறுவதே அவர்களுக்குப் பெரிய பாக்கியம் என்கிற முகத்தோடு மூன்று மாடி ஏறினார்.

பீம்ராவின் மனைவி ராஜாத்தி, கடல்காரர் சாப்பிட வருகிறாரே என்ற பயத்தில் காசிமேட்டுக்கே போய் வஞ்சிரம் வாங்கி வந்து வறுத்து வைத்திருந்தாள். மனோகரன் ஒரு துண்டை வாயில் போட்டார். போட்டவர் சும்மா மென்றிருக்கலாம். பிரசங்கத்தை ஆரம்பித்தார்.

"தப்பா நெனிக்காதீங்க சம்மந்தி. உங்க ஏரியாவுக்கு வர்றதெல்லாம் மீனா? ஐஸ் பொட்டில படுத்துத் தூங்கிட்டு வர்ற பொணம். நாங்கெல்லாம் துடிக்கிறத துன்றவங்க. முள்ளு கிள்ளுன்னு நாங்க பாக்கறதே இல்ல. நாக்காலயே பிரிச்சு, வாய்க்குள்ளயே ஓரங்கட்டி..."

உள்ளே போகிற துண்டும் வெளியே வருகிற பேச்சும் ஒரே சந்தில் எதிரெதிராய் வந்து முட்டிக்கொண்டன. பேச்சு நின்றது. அவர் மனைவி மங்கைக்கு முதலில் சந்தோஷம்; கல்யாணமான நாளிலிருந்து அவர் பாதிப் பேச்சில் நிறுத்தி அவள் பார்த்ததில்லை. அப்புறம்தான் முகம் கறுத்துப்போவதைப் பார்த்தாள். கண் பிதுங்கியது. கை காற்றைப் பிறாண்டியது. சத்தமே இல்லை. "ஐயையோ, இன்னாய்யா, இன்னாய்யா" என்று அவள் முதுகில் குத்தினாள். ராஜாத்தி தண்ணீர்ச் சொம்போடு நின்றாள். அர்ஜுன் "நைனா, நைனா" என்று கத்தினான்.

பீம்ராவ்தான் எழுந்து வந்தார். கைகூடக் கழுவவில்லை. பின்னால் நின்று மனோகரனின் வயிற்றைச் சுற்றி இரண்டு கையையும் கோத்து, மூட்டை தூக்குகிற மாதிரி ஒரு தூக்கு தூக்கினார். வரவில்லை. இன்னொரு தூக்கு. மூன்றாவது தூக்கில் வஞ்சிரம் முள்ளோடு பறந்து போய் ரசக் கிண்ணத்தில் விழுந்தது. பஸ் டிப்போவில் முதலுதவி வகுப்பு எடுத்தபோது பாதி நேரம் தூங்கிவிட்டதாகப் பீம்ராவே பிற்பாடு சொன்னார். விழித்திருந்த பாதியில் இது வந்தது மனோகரனின் அதிர்ஷ்டம்.

பக்கத்து கிளினிக்கில் காட்டினார்கள். டாக்டர் தொண்டையில் டார்ச் அடித்துப் பார்த்து, கீறல்தான், ஆறிவிடும், இனிமேல் சின்னச் சின்னத் துண்டாய்ச் சாப்பிடுங்கள் என்று அனுப்பிவிட்டார். சின்னச் சின்னத் துண்டு! மீன்காரனைப் பார்த்து! மனோகரனுக்கு உயிர் வந்த சந்தோஷம் அந்த வார்த்தையில் போய்விட்டது.

ஆட்டோ குப்பத்துக்குள் நுழையும்போதே வலை பின்னுகிற கொட்டகையில் தாமோதரன் உட்கார்ந்திருந்தார். ஊர்ப் பஞ்சாயத்துத் தலைவர். குப்பத்தில் எந்த வீட்டில் தும்மினாலும் அவருக்குக் காரணம் தெரிந்தாக வேண்டும். பீம்ராவ் இறுக்கிய இறுக்கில் விலா வலிக்க, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மகன் தோளில் சாய்ந்து மனோகரன் இறங்குவதைப் பார்த்துவிட்டு ஓடி வந்தார்.

"இன்னா மனோகரா, இன்னாச்சு?"

உண்மையைச் சொல்ல ஒரு மூச்சு போதும். மனோகரன் அந்த மூச்சை வேறு விஷயத்துக்குச் செலவு பண்ணினார்.

"ஹார்ட்டு அண்ணாத்தே. பேசிகினே கீறேன், அப்டியே புடிச்சிகிச்சு. ஒரு நிமிஷம் லேட்டாயிருந்தா அவ்ளோதான்னாரு டாக்டரு."

மங்கை வாயைத் திறந்தாள். புருஷன் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டாள். அர்ஜுன் மின்கம்பத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

சாயங்காலத்துக்குள் வீட்டில் ஹார்லிக்ஸ் பாட்டிலும் சாத்துக்குடியும் நிரம்பிவிட்டன. ஆளாளுக்கு ஒரு வைத்தியம். ஒருத்தி பூண்டு கொண்டுவந்தாள். இன்னொருத்தி உப்பு ஆகாது, எண்ணெய் ஆகாது, வறுத்த மீன் ஆகவே ஆகாது என்று சொல்லி, மங்கை மூடி வைத்திருந்த நெத்திலி வறுவலைக் கையோடு எடுத்துக்கொண்டு போனாள். மனோகரன் கட்டிலில் சாய்ந்து, மெல்லிய குரலில் பதில் சொன்னார். தொண்டைக் கீறலால் குரல் தானாகவே மெலிந்திருந்தது. அது ரொம்ப வசதியாகப் போயிற்று.

மறுநாள் காலையில் உதயா வந்தான். எதிர்வீட்டுப் பையன், போனில் சேனல் நடத்துகிறவன். புயல் வந்தாலும் வீடியோ, பூனை வந்தாலும் வீடியோ. கட்டிலுக்கு எதிரே போனை நிறுத்தி வைத்து, குரலைக் கனமாக்கிக்கொண்டு கேட்டான்.

"சாவோட வாசலுக்குப் போய்ட்டுத் திரும்பி வந்துகீறீங்க. அங்க இன்னா பாத்தீங்க? வாழ்க்கைய பத்தி இன்னா பாடம் கத்துகினீங்க?"

மனோகரன் பார்த்தது ரசக் கிண்ணம். அதைச் சொல்ல முடியாது. கொஞ்சம் யோசித்து, "ஒரு வெளிச்சம் தெரிஞ்சிச்சுப்பா" என்றார். ஹவுசிங் போர்டு டியூப்லைட்தான். "அப்போ ஒண்ணு புரிஞ்சிச்சு. மனுஷன் போறப்ப ஒண்ணியும் எடுத்துகினு போறதில்ல." இதை யாரும் இதுவரை கண்டுபிடிக்காதது போல உதயா வாயைப் பிளந்தான். "இன்னொரு வாட்டி சொல்லுங்கண்ணே, கையை நெஞ்சுல வெச்சிகினு."

அந்த வீடியோ எண்ணூரிலிருந்து ராயபுரம் வரைக்கும் எல்லார் போனிலும் சுற்றியது. குப்பத்தில் மூன்று பேர் பீடியை விட்டார்கள். ஒருவன் பீடியை விட்டுவிட்டு சிகரெட்டுக்கு மாறினான், அதையும் மனோகரன் கணக்கில்தான் எழுதினார்கள். பஜ்ஜிக் கடைக்காரி ஒரு வாரம் ஈ ஓட்டிவிட்டு, மனோகரன் வீட்டு வாசலில் நின்று மண்ணை வாரித் தூற்றினாள். கடற்கரையில் நடைப்பயிற்சி போகிறவர்கள் ஒரு சங்கம் வைத்திருந்தார்கள், பேச அழைத்தார்கள். அப்புறம் ஒரு பள்ளிக்கூட ஆண்டு விழா. அப்புறம் ஒரு இன்ஷூரன்ஸ்காரன் நடத்திய கூட்டம். அங்கே அவர் பேசி முடித்ததும் அவன் பேனாவும் பாலிசித் தாளுமாய் ஆட்களை வளைத்துப் பிடித்தான்.

மனோகரனுக்குப் பேச்சு சும்மா ஊற்றெடுத்தது. ஒவ்வொரு கூட்டத்திலும் ஒரு பாடம் புதிதாய்ச் சேர்ந்தது. கோபத்தை விடுங்கள் என்றார். வரும் வழியில் ஷேர் ஆட்டோக்காரனோடு சண்டை போட்டிருந்தார். பெண்டாட்டியை மதியுங்கள் என்றார். மங்கை கூடையோடு மீன் விற்கப் போயிருந்த நேரம் அது. அடிக்கொரு தரம் உள்ளே கிடந்த உண்மையும் எட்டிப் பார்த்துவிடும்.

"துன்னும்போது பேசாதீங்க," என்று நடைப்பயிற்சிச் சங்கத்தில் திடீரென்று சொன்னார். "நல்லா மென்னு துன்னுங்க. அவசரம் ஆவாது."

கூட்டம் ஒரு கணம் முழித்தது. சங்கத் தலைவர், ரிட்டயர்டு அதிகாரி, எழுந்து கண்ணாடியைக் கழற்றினார். "எவ்வளவு பெரிய தத்துவத்தை எவ்வளவு எளிமையாகச் சொல்லிவிட்டார்! நாவடக்கம், புலனடக்கம், நிதானம்" என்று கால் மணி நேரம் விளக்கம் சொன்னார். எல்லோரும் கை தட்டினார்கள். மனோகரனும் தட்டினார்.

ஒரே ஒரு இடத்தில் உறுத்தியது. படகு ஓனர், "ஹார்ட் பேஷண்டு கையில படகக் குடுத்து, நடுக்கடல்ல உனக்கு ஒண்ணுன்னா நான் யாருக்குப் பதில் சொல்றது? ஒடம்பப் பாத்துக்கோ" என்று வேறு டிரைவரைப் போட்டுவிட்டார். பொன்னாடை போர்த்துகிறார்களே என்று மனோகரன் மனசைத் தேற்றிக்கொண்டார். வீட்டில் பொன்னாடை ஆறு சேர்ந்தது. மங்கை அதில் ஒன்றைக் கிழித்து மீன் கூடைக்குச் சும்மாடு சுற்றிக்கொண்டாள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் தாமோதரன் ஒரு நாள் காலையில் வீட்டுக்கு வந்து, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"மனோகரா, ஊரு பேசிகினு கீது. நீ கல்லு மாதிரி இருந்த ஆளு. அந்தப் பொண்ணு வூட்ல போய்க் குந்துன, மொத வாய் சோறு துன்ன, நெஞ்சு புடிச்சிகிச்சு. இது நல்லதுக்கா? அந்தப் பொண்ணுக்கு ராசி இல்லப்பா. இந்தச் சம்மந்தம் வேணாம். வர்ற ஞாயித்துக்கெழம ஊர்க்கூட்டம். அவங்கள வரச் சொல்லிகீறோம். தட்ட வாங்க மாட்டோம்னு மரியாதையா சொல்லி அனுப்பிச்சிரலாம்."

குப்பத்தில் அது ஒரு வழக்கம். வெளியூர்ப் பெண் வீட்டார் வெற்றிலைத் தட்டைக் கொண்டுவந்து ஊர்ப் பஞ்சாயத்துக் கையில் கொடுக்க வேண்டும். ஊர் வாங்கிக்கொண்டால்தான் கல்யாணம். வாங்காவிட்டால் ஊரில் ஒருவரும் பந்தலுக்கு வர மாட்டார்கள். கடலில் ஆபத்து என்றால் படகெடுக்கவும் யோசிப்பார்கள். கடலில் பிழைக்கிறவனால் அதை விளையாட்டாய் எடுத்துக்கொள்ள முடியாது.

தாமோதரன் ஜாதியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. இப்போது யாரும் பேசுவதில்லை. அதெல்லாம் மட்டமான ஆட்கள் செய்கிற வேலை. ராசி என்பார்கள், பழக்கவழக்கம் என்பார்கள், பசங்களுக்குப் பின்னால் கஷ்டம் என்பார்கள். ஆறு மாசமாய் ஒரு காரணம் கிடைக்காமல் அல்லாடிக்கொண்டிருந்த ஊருக்கு, மனோகரன் தன் நெஞ்சையே எடுத்துக் கையில் கொடுத்திருந்தார்.

"ஊரு சொன்னா சரிதான் அண்ணாத்தே" என்று மனோகரனின் வாய் சொல்லிவிட்டது. தாமோதரன் ஹார்லிக்ஸ் குடித்துவிட்டுப் போனார்.

அவர் தலை மறைந்ததும் மங்கை கூடையை இறக்கி வைத்தாள்.

"ஏன்யா, ஒனக்கு வெக்கமா இல்ல? ஒரு பொண்ணு மேல பழியத் தூக்கிப் போடற. முள்ளுன்னு ஒரு வார்த்த சொன்னா இன்னா, நாக்கு அறுந்தா பூடும்?"

"ஊரே சிரிக்கும்டி. காசிமேட்ல கால் வெக்க முடியாது. வஞ்சிர முள்ளுடி! நாளைக்கு ஒருத்தன் மதிப்பானா?"

"இப்ப மதிக்கிறாங்களே, அது இன்னா மதிப்பு? பீலா வுட்டு வாங்குன மதிப்பு. தூ."

மனோகரன் சட்டையை மாட்டிக்கொண்டு கடற்கரைக்குப் போய்விட்டார். அங்கே அர்ஜுன் கருங்கல் தடுப்பு மேல் தனியாக உட்கார்ந்திருந்தான். திரும்பிப் போக நினைத்தார். அவன் பார்த்துவிட்டான்.

"நைனா, நானே ஊர்ல போட்டு ஒடச்சிருப்பேன். மதிதான் வேணாம்னுச்சு. 'மாமா வாயால சொல்லாம நாம சொல்லக் கூடாது, அவரு மானம் போனா அப்பால நமக்கு இன்னா மானம் கீது'ன்னுச்சு. அவங்கப்பாவும் வாயத் தொறக்கல. ராசி இல்லன்னு நம்ம ஊரு பேசறது அவங்க காதுக்குப் பூட்ச்சு. ராஜாத்தி அத்த அன்னிலேர்ந்து சரியா சாப்புடலயாம். ஏம்மேல தப்பு, நான்தான் மீன் வறுத்தேன்னு பொலம்பிகினு கீதாம்."

அவன் அழுதான். இருபத்தாறு வயசுப் பையன், தோளும் காலுமாய் வளர்ந்தவன், அலை சத்தத்தில் மறைந்துவிடும் என்று நினைத்து அழுதான். ஊர் ஊராய்ப் பாடம் சொன்ன வாயில் அந்தப் பிள்ளைக்குச் சொல்ல ஒரு வார்த்தை இல்லை. மனோகரனுக்கு அவமானமாக இருந்தது. முள் அவமானம் இல்லை, இது வேறு.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மன் கோயில் எதிரே ஷாமியானா போட்டிருந்தார்கள். தாமோதரன் கெட்டிக்காரர். விருந்தையும் அவமானத்தையும் ஒரே மைக் செலவில் முடித்துவிடலாம் என்று இரண்டு நிகழ்ச்சியையும் சேர்த்துவிட்டார். முதலில், சாவை வென்று வந்த மனோகரனுக்கு ஊர்ப் பாராட்டு. அடுத்து, பெண் வீட்டாரின் தட்டைத் திருப்பி அனுப்புவது. முடிந்ததும் சாப்பாடு, கறியும் மீனும் கொதித்துக்கொண்டிருந்தன.

பீம்ராவ் இஸ்திரி போட்ட சட்டையில் வந்திருந்தார். கையில் வெற்றிலை, பழம் வைத்த தாம்பாளம். நடக்கப்போவது தெரிந்தும் வந்திருந்தார். ராஜாத்தி தலை குனிந்திருந்தாள். மதி மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். மனோகரனைப் பார்த்ததும் பீம்ராவ் பக்கத்தில் வந்து, "இப்ப எப்டி கீது சம்மந்தி, நெஞ்சு தேவலையா?" என்று கேட்டார். கிண்டலே இல்லை அதில். மனோகரன் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்க்கவில்லை. கண்டக்டர் பையைத் தூக்கித் தூக்கிக் காய்த்துப்போன அந்தக் கைகளைத்தான் பார்த்தார்.

ஏழாவது பொன்னாடை போர்த்தப்பட்டது. தாமோதரன் மைக்கை நீட்டினார். "தம்பி கத்துகினு வந்த பாடத்த நம்ம ஊருக்கு ரெண்டு வார்த்த சொல்லட்டும்." உதயா போனைத் தூக்கிப் பிடித்தான்.

"எனக்கு ஹார்ட்டு அட்டாக்கு ஒண்ணியும் வர்ல," என்றார் மனோகரன். மைக் கீச்சென்று கத்தியது. "மீன் முள்ளு. வஞ்சிர முள்ளு. பேசிகினே துன்னேன், மாட்டிகிச்சு. பீலா வுட்டேன், மன்னிச்சிருங்க."

சிரிப்பார்கள் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். ஒருவரும் சிரிக்கவில்லை. முன்வரிசையில் ஒரு கிழவி மூக்கைச் சிந்தினாள்.

"பாத்தியா அந்த மனச?" என்றாள் பக்கத்தில் இருந்தவளிடம். "அந்தப் பொண்ணு மேல பழி வரக் கூடாதுன்னு, எந்த மீன்காரனும் சொல்லாத கேவலத்தத் தன் தலைல போட்டுக்கிறாரு. தெய்வம்மா!"

தாமோதரனும் உருகிப்போனார். மைக்கை வாங்கி, "இதுதான்யா தியாகம்! இத விடப் பெரிய பாடம் ஊருக்கு எவன் சொல்லித் தர முடியும்?" என்றார். கூட்டம் எழுந்து நின்று கை தட்டியது. மனோகரனுக்கு வந்ததே கோபம்! வாழ்க்கையில் முதல் தடவையாய் ஊர் முன்னால் உண்மை பேசியிருக்கிறார், ஒரு பயல் நம்பவில்லை.

"யோவ், தியாகமும் இல்ல, மண்ணும் இல்ல!" மைக்கைப் பிடுங்கினார். "மொகரக்கட்டயப் பாரு, தெய்வமாம். நான் வாழ்க்கைய பத்தி ஒரு பாடமும் கத்துக்கல. வெளிச்சம் கிளிச்சம் ஒண்ணியும் பாக்கல. மூச்சு அடச்சிட்டப்ப எனக்கு சாமி ஞாபகம் வர்ல, பொண்டாட்டி புள்ள ஞாபகம் வர்ல. பின்னால ஒரு கை வந்துச்சு. அந்தக் கைய ரெண்டு கையால புடிச்சிகினேன். மூச்சு வந்தப்புறமும் வுடல. இவரு பொண்ணு மதி வந்து என் வெரல ஒவ்வொண்ணா பிரிச்சுது. அது இவரு கை. உசுரு போற நேரத்துல வுடாம புடிச்சிகினு இருந்தேன், வூட்டுக்கு வந்தப்புறம் இவரு பேரச் சொல்ல எனக்கு வாய் வர்ல. இவரால பொழச்சேன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு. முள்ளுக்கு மட்டும் வெக்கப்படல நான். போதுமா?"

கூட்டம் அடங்கியது. ஆனாலும் ஒரு குரல், "அண்ணே, இருந்தாலும் வஞ்சிரத்துல எப்டிண்ணே?" என்று சந்தேகம் கேட்டது. அதற்குள் மங்கை எழுந்துவிட்டாள். அவளுக்கு மைக் தேவையில்லை, மார்க்கெட் குரல்.

"நான் பக்கத்துல குந்தினு பாத்தேன். உங்க மீனெல்லாம் பொணம், நாங்க நாக்காலயே முள்ளப் பிரிப்போம்னு உதாரு வுட்டுகினே கீறாரு, அப்டியே கண்ணு பிதுங்கிடிச்சு. நடு முள்ளு! ரசத்துல போயி வியுந்துச்சு. அந்த மனுஷன் தூக்கலன்னா இன்னிக்கு இங்க பொன்னாடை இல்ல, பாடை."

மங்கை பொய் சொல்ல மாட்டாள் என்பது ஊருக்குத் தெரியும். ஐஸ் வைத்த மீனை ஐஸ் வைத்த மீன் என்று சொல்லி விற்கிறவள். அப்போது கிளம்பியது பாருங்கள் சிரிப்பு! ஷாமியானா கம்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு மணலில் உட்கார்ந்தார்கள். "நடு முள்ளு! நடு முள்ளு!" என்று பின்வரிசை இளவட்டங்கள் கூவினார்கள். உதயா சிரித்த சிரிப்பில் போன் ஆடியது. மூக்கைச் சிந்திய கிழவி, "அடச் சீ, மீன்காரனா நீ?" என்று எழுந்து போனாள். மனோகரன் ஏழாவது பொன்னாடையைக் கழற்றி மடித்துக் கையில் வைத்துக்கொண்டு, தலையில் கொட்டுகிற மழைக்கு நிற்கிற மாதிரி நின்றார். அவ்வளவுதான், போகட்டும் என்று இருந்தது. பிள்ளை முகத்தைப் பார்த்தார். அவனும் சிரித்துக்கொண்டிருந்தான், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

தாமோதரன் சிரிக்கவில்லை. தட்டைத் திருப்பிவிட ஒரு காரணம் வேண்டும். ராசி போயிற்று. பாக்கி இருந்த காரணம் எல்லோருக்கும் தெரியும், ஆனால் அதை வாயால் சொல்ல வேண்டும், அதுவும் மைக்கில், உதயா படம் பிடிக்க, மனுஷனைப் பிழைக்க வைத்தவர் எதிரில் நிற்க. அவர் மைக்கைப் பார்த்தார். போனைப் பார்த்தார். தாம்பாளத்தோடு எழுந்து நின்ற பீம்ராவைப் பார்த்தார்.

"சரி, குடுங்க" என்று தட்டை வாங்கிக்கொண்டார். வாங்கின கையோடு மைக்கில், "எனக்கு மொதல்லேர்ந்தே இந்தச் சம்மந்தம் புடிக்கும்" என்று சொல்லிவிட்டார். அவருக்கு என்ன, தலைவர்.

பந்தி போட்டார்கள். மனோகரன் பக்கத்தில் பீம்ராவ், எதிர்வரிசையில் மங்கையும் ராஜாத்தியும் மதியும். சோறு வந்தது, குழம்பு வந்தது. பரிமாறுகிறவன் குறும்புக்காரன், இருக்கிறதிலேயே பெரிய வஞ்சிரத் துண்டாய்ப் பொறுக்கி மனோகரன் இலையில் வைத்துவிட்டு நகராமல் நின்றான். பந்தி முழுக்கச் சாப்பிடுவதை நிறுத்தியது. அத்தனை கண்ணும் அவர் வாய் மேல்.

மனோகரன் துண்டைத் தொட்டார். அன்றைக்கு அடைத்த மூச்சு இப்போதும் தொண்டையில் வந்து நிற்கிற மாதிரி இருந்தது. எடுத்து வாயில் போடவும் தைரியம் இல்லை, வேண்டாம் என்று தள்ளவும் முடியவில்லை. மறுபடியும் எங்கோ ஒருவன் களுக்கென்று சிரித்தான்.

மதி எழுந்து இந்தப் பக்கம் வந்தாள். அவருக்கும் பீம்ராவுக்கும் நடுவில் மண்டியிட்டு உட்கார்ந்து, ரகசியமாகக்கூட இல்லை, சாதாரணமாகக் கேட்டாள்.

"மாமா, முள்ளு எடுத்துத் தரட்டா?"

குப்பம் மொத்தமும் காது கொடுத்துக் கேட்டது. கைக்குழந்தைக்குச் செய்கிற வேலை. வியாசர்பாடிப் பெண், கடல்காரன் இலையில் கை வைத்து. மனோகரன் ஊரை ஒரு சுற்றுப் பார்த்தார். அப்புறம் பார்க்கவில்லை. அவர் கண் நிறைந்துவிட்டது.

"எடும்மா," என்று இலையை அவள் பக்கம் நகர்த்தினார். "பொறுமையா பாத்து எடு. எனக்கு ரொம்ப பயமா கீது."